இரண்டு பலகைகளுக்கு நடுவே

என் மைனிக்கு மறதி வந்துவிட்டது என்று அவருடைய மகன் நம்பினான். அக்கம்பக்கத்தார் நம்பினார்கள். கடைசியில் மைனியும் நம்பினார். அவருக்கு மறதி கிடையாது. தப்பைச் செய்தவன் நான். அது தெரிந்திருந்தும் ஒரு வருடத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதற்குள் அவருடைய வீடு அவரை விட்டுப் போய்விட்டது.

மைனி போன ஐப்பசியில் இறந்துபோனார். இனி இதை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் எப்படிப்பட்ட மனுஷி என்பதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுத உட்கார்ந்தால் இதையும் எழுதாமல் முடியவில்லை.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். எனக்கு அந்த ஒரு சொல்தான் அவருடைய பெயர். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாகச் சேர்ந்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவர். அண்ணன் காலமான பிறகு கருங்கல் என்ற எங்கள் ஊரில், தன் வீட்டில் தனியாக இருந்தார். அடுத்த வீடு என்னுடையது. நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன்.

மைனி எதையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை பொய் சொல்லும், அதற்குச் சூடு உண்டு என்பார். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே என் மெத்தையைத் தூக்கி அடியில் கையை விட்டார். நான் அப்போது கல்லூரி மாணவன். எனக்குக் கோபம் வந்தது.

“பேடிச்சு மெத்தையில மூத்திரம் போற வயசு எனக்குக் கழிஞ்சாச்சு மைனி.”

“உனக்கில்ல தம்பி, சுவருக்கு. இந்தச் சுவரு மழையைக் குடிச்சிட்டு உனக்க மெத்தைக்குக் குடுக்குது.”

அது உண்மைதான். கட்டிலை நகர்த்திப் பார்த்தபோது மெத்தையின் அடிப்பக்கம் கறுத்திருந்தது.

ஆலயத்தில் பெஞ்சில் உட்காரும் முன் தொடுவார். கல்யாண வீட்டில் பாயைத் தொடுவார். கைக்குழந்தையை யாராவது கொஞ்சக் கொடுத்தால் கன்னத்தைத் தொட மாட்டார், பிட்டத்தைத் தொடுவார். “பிள்ள நனைஞ்சு கிடக்கு, நீ என்னட்டி சிரிச்சிட்டு நிக்க?” என்று தாய்க்கு ஒரு திட்டு விழும். இரண்டு மழைக்கும் நடுவில் வாழ்கிற ஊர் எங்களுடையது. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொன்று. அலமாரிக்குள் இருக்கும் செருப்பு பூசணம் பூத்துப் போகும். இந்த ஊரில் இப்படி ஒருவர் ஓயாமல் ஈரத்தைத் தேடிக்கொண்டிருந்தால் வேலை ஓயவே ஓயாது.

அண்ணனைக் குளிர்பெட்டியில் வைத்திருந்த அன்று வீடு நிறைய ஜனம். பாட்டு நடந்துகொண்டிருந்தது. மைனி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் மெல்லக் குனிந்து பெட்டிக்கு அடியில் கையை விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “அடியில வெள்ளம் சொட்டுது. கரண்டு வயரு கிடக்கு. ஒரு சாக்கு எடுத்துப் போடு” என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் செத்துக் கிடக்கும்போது தரையைத் தடவிப் பார்க்கிறாளே என்று பிறகு பேசினார்கள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அவருக்கு இது வார்டில் இருந்து வந்தது. வருடக்கணக்காக எழுந்திருக்க முடியாதவர்களைப் பார்த்தவர். விரிப்பு நனைந்தால் முதுகு புண்ணாகும். மேலே உலர்ந்த துணி இருக்கும், அடியில் மெத்தை ஊறிக்கிடக்கும். “ஈரம் மேலதான் காயும். உள்ள அதுக்குப் போறதுக்கு வழி வேணும்” என்பார்.

ஒருமுறை பயிற்சிக்கு வந்த ஒரு பெண், தான் தண்ணீரைக் கொட்டி நனைத்த விரிப்பை மாற்றச் சோம்பல்பட்டு அதன் மேலேயே இன்னொரு விரிப்பைப் போட்டு மூடிவிட்டாளாம். இரண்டு நாளில் அந்த நோயாளியின் இடுப்பில் தோல் உரிந்து விட்டது. மைனி மேலே புகார் எழுதவில்லை. அந்தப் புண் ஆறும்வரை அந்தப் பெண்தான் மருந்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

“கொட்டினா குத்தம் இல்ல. கொட்டினதச் சொல்லாம மூடி வச்சா, நான் மனுசியா இருக்க மாட்டேன்” என்று அவளிடம் சொன்னதாக எங்களிடம் சொன்னார். அந்தப் பெண் பிறகு வெளிநாட்டில் பெரிய நர்ஸாகி, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டுப் பேசுவாள்.

அவருடைய மகன் எட்வின் துபாயில் இருக்கிறான். ஒரு விடுமுறைக்கு வந்தவன், அம்மா தனியாக இருக்கிறாளே என்று நாகர்கோவிலில் இருந்து ஒரு மீன்தொட்டியும் அதை வைக்க ஒரு ஸ்டாண்டும் வாங்கி வந்தான். பார்த்தால் தேக்கு போல இருக்கும். தேக்கு நிறத்தில் அச்சடித்த காகிதம்தான் அது. காகிதத்துக்கு உள்ளே மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்த பலகை.

மைனி அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடச் சொன்னார்.

“பாத்தியா, மேலதான் சட்டை போட்டிருக்கான். அடியில அம்மணமா நிக்கி.”

“அம்மா, அது மீன்தொட்டி வைக்கதுக்குன்னே செஞ்ச ஸ்டாண்டு” என்றான் எட்வின்.

“செஞ்சவன் மீன்தொட்டியக் கண்டிருக்க மாட்டான் மக்கா.”

காகிதம் ஒட்டாமல் வெட்டுவாய் தெரிந்த ஒரு மூலையில் நனைந்த பஞ்சை வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனார். சாயங்காலம் பார்த்தால் அந்த மூலை காப்பியில் முக்கிய பிஸ்கட் மாதிரி உப்பியிருந்தது. எட்வின் சிரித்தான். நானும் சிரித்தேன். தொட்டி நிறைந்தால் தண்ணீரின் எடை மட்டும் நல்ல தடியான இரண்டு ஆட்கள் ஏறி உட்கார்ந்தது போல இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். “அப்ப நீயும் எனக்க கூட நில்லு” என்றார் மைனி. அப்படித்தான் நான் அந்த வேலைக்குள் வந்தேன்.

கடியப்பட்டணத்தில் ஃபைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைக்கிற ஒருவர் இருந்தார். அவருடைய அம்மா மைனியின் வார்டில் கிடந்தவர். மைனி பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடற்கரையில் ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு அந்த மனிதர் வேலை செய்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையில் இருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

“சிஸ்டரே, நாங்க ரெசின் அடிக்கது மீனப் பிடிக்கதுக்கு. நீங்க மீன வளக்கதுக்கு அடிக்கப் போறியளா?”

“மீனுக்கு இல்லப்பா, பலகைக்கு.”

“எனக்க வீட்டுக் கதவுக்கே இந்தச் சீரு கிடையாது பாத்துக்கிடுங்க.” ஒரு டப்பாவில் ரெசின் பசையும், அதை இறுக வைக்கிற மருந்து ஒரு சின்னக் குப்பியிலும் தந்தார். என்னைப் பார்த்து, “சாரே, ரெண்டையும் கலக்கி வச்சிட்டுக் கதை பறையப்பிடாது. கல்லாயிப் போவும்” என்றார்.

கார் ஷெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தோம். அந்த வாடைக்குத் தலை வலித்தது. முதலில் ஸ்டாண்டைப் பலகை பலகையாகக் கழற்றினோம். பளபளப்பு போகும்வரை உப்புத்தாள் தேய்த்தோம். முதல் பூச்சைப் பலகை அப்படியே குடித்துவிட்டது. காய்ந்த பிறகு இரண்டாவது. மூன்றாவது பூச்சு கண்ணாடி மாதிரி மேலே நின்றது. வெட்டுவாய்களில் பிரஷ்ஷால் குத்திக் குத்தி வைத்தார். ஸ்க்ரூ போகிற ஒவ்வொரு துளைக்கும் தீக்குச்சியால் ரெசினைத் தொட்டு வைத்துப் பிறகுதான் ஸ்க்ரூ.

தொட்டி உட்காரும் மேல்பலகை தளர்ந்துவிடக்கூடாது என்று அதற்கு அடியில் அதே அளவில் ஒரு ப்ளைவுட் பலகையைச் சேர்த்து முடுக்கினோம். அது என் யோசனை. இரண்டு பலகையும் சேருகிற ஓரத்தைச் சுற்றிலும் ரெசின் வைத்து மூடினோம். நாலு மூலையிலும் உள்பக்கமாக நல்ல மர ரீப்பர்க் கட்டையை நிறுத்தினோம், பாரம் ஸ்க்ரூவில் தொங்காமல் நேரே தரைக்கு இறங்க. உள்மூட்டுகளில் சிலிக்கான் பசையை இழுத்து, சோப்புத் தண்ணீரில் விரலை முக்கி வழித்துவிட்டோம். தரை துடைக்கிற ஈரம் ஏறாமல் காலுக்கு அடியில் ரப்பர்.

“மைனி, மீன்கூட இவ்வளவு பத்திரத்த எதிர்பாக்காது.”

“மீனு செத்தா வேற வாங்கலாம். பலகை ஒடிஞ்சா எனக்க மோன் என்ன சொல்லுவான் தெரியுமா? ‘அம்மைக்குத் தனியா இருக்க முடியல.’”

விளையாட்டாகச் சொல்லவில்லை. எட்வின் ஏற்கெனவே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கியதை வீடியோவில் பார்த்துவிட்டான். இன்னொரு நாள் அவர் போனை எடுக்கவில்லை. “இன்னொரு தடவை இப்பிடி ஏதாவது ஆச்சுன்னா நான் வேற ஏற்பாடு செய்வேன்மா” என்று என் முன்னாலேயே சொன்னான். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயலோரமாக ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதன் படங்கள் அவன் போனில் இருந்தன. எனக்கும் காட்டினான்.

வாடை முழுக்கப் போகும்வரை மீன் விடக்கூடாது என்று மைனி காத்திருந்தார். அதற்குள் எட்வினின் விடுமுறை முடிந்துவிட்டது. பிறகு இரண்டு தங்கமீன்கள் வந்தன. “இதுக ரெண்டும் என்னப் பாத்துட்டுக் கிடக்கு. நான் இதுகளப் பாத்துட்டுக் கிடக்கேன். வேற சோலி இல்ல” என்பார். ஆனால் தினமும் காலையில் ஸ்டாண்டின் மேலேயும் கீழேயும் மூட்டுகளிலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காப்பி போடுவார்.

கண் ஆபரேஷனுக்காக மைனி நாகர்கோவிலுக்குப் போனார். மீனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. அப்போது எட்வின் கூப்பிட்டான்.

“சித்தப்பா, அம்மா வரதுக்குள்ள ஒரு காமிரா வச்சிருங்க. தொட்டி மேலயே வைக்கலாம். மீனப் பாக்கதுக்குன்னு சொல்லிக்கிடலாம்.”

காமிராவை வைத்தேன். வயர் கீழே ஸ்டாண்டுக்குள் இருக்கிற பிளக்குக்குப் போக வேண்டும். பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோகலாம். பார்க்க நன்றாக இருக்காது என்று, தொட்டிக்குப் பக்கத்தில் மேல்பலகையில் ட்ரில் வைத்து ஒரு துளை போட்டேன். முதலில் வெளுத்த தூள் வந்தது, பிறகு சிவந்த தூள். இரண்டு பலகையும் துளைந்துவிட்டன. உள்வாயில் ரெசின் தொட்டு வைக்க வேண்டும் என்று தெரியும். டப்பாவைத் திறந்தால் மிச்சம் இருந்தது இறுகிக் கிடந்தது. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

மறுநாள் தொட்டியில் தண்ணீர் மாற்றினேன். புதுத் தண்ணீருக்குப் பின்புறத்துப் பைப்பில் இருந்து ஓஸைப் போட்டுவிட்டு நின்றேன். பழைய சகா ஒருவர் போனில் கூப்பிட்டார். பென்ஷன் விஷயம். பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. மேல்பலகை முழுக்கத் தண்ணீர். அது அந்தத் துளையில் சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் ஸ்டாண்டுக்குள் சொட்டுகிறது, மிச்சம் இரண்டு பலகைகளுக்கும் நடுவே போகிறது. சுற்றிலும் ரெசினால் மூடியிருப்பதால் வெளியே வராது. மேலே ரெசின், கீழே ரெசின். துளையின் ரெசின் தொடாத பச்சை வாய் வழியாகப் பலகை அதைக் குடிக்கும். தொட்டியைக் காலி செய்து, ஆள் பிடித்து இறக்கி, இரண்டு பலகையையும் பிரித்து வெயிலில் போட வேண்டும். அதுதான் வழி. அடுத்த நாள் மைனி வருகிறார். துளை போட்டதற்கும் திட்டு, ஓஸை மறந்ததற்கும் திட்டு. எழுபது வயது தாண்டியவன், கல்லூரியில் துறைத்தலைவராக இருந்தவன், மைனியிடம் திட்டு வாங்கப் பயந்தேன். வேறு காரணம் இல்லை.

துணியால் துடைத்தேன். கொஞ்ச நேரம் மேசைவிசிறியை வைத்தேன். பிறகு வயரைச் சுற்றித் துளையில் சிலிக்கான் பசையை நிரப்பி, சோப்புத் தண்ணீரில் விரலை முக்கி வழித்துவிட்டேன். அழகாக அமைந்தது. ஈரத்தை உள்ளே வைத்து அடைத்தேன்.

மைனி கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கியதும் நேரே தொட்டியிடம்தான் போனார்.

“ஓட்டை போட்டியா?”

“காமிராவுக்கு மைனி.”

“வாயை அடைச்சியா?”

“அடைச்சாச்சு.”

“வெள்ளம் ஒண்ணும் சிந்தலியே?”

“இல்ல.”

அவர் புறங்கையை வைத்துப் பார்த்தார். உலர்ந்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவர் கைக்கு அது உலர்ந்துதான் இருந்தது. அதைப் போலக் கச்சிதமாக அவரை ஏமாற்ற வேறு யாராலும் முடிந்திருக்காது.

மழைக்காலத்தில் ஒரு பகல்வேளை தொட்டியோடு ஸ்டாண்டு சரிந்தது. காலையில் மைனி தொட்டியில் தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்த்து ஓஸ் போட்டிருக்கிறார். அதுவரை காமிராவில் பதிவாகியிருக்கிறது. அதோடு கரண்ட் போய்விட்டது. மத்தியானம் சத்தம் கேட்டு மதில் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். கூடம் முழுக்கத் தண்ணீரும் கண்ணாடித் துண்டும். மைனி வெறுங்காலோடு நடுவில் நின்று, ஒரு மீனை வாளிக்குள் விட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்று சோபாவுக்கு அடியில் போய்விட்டது. பிளக் தண்ணீருக்குள் கிடந்தது. காலில் ரத்தம்.

“எப்பிடித் தம்பி?” என்றார். “காலையிலயும் தொட்டுப் பாத்தேனே. காஞ்சுதான கிடந்துது?”

மேல்பலகை பாதியாக ஒடிந்து கிடந்தது. நடுவில் கறுத்து, கஞ்சிபோலக் கொழகொழவென்று இருந்தது. பின்புறத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஓஸ் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. பைப் இறுக்கி அடைத்திருந்தது.

நான் செய்தது இதுதான். மைனியின் காலுக்குக் கட்டுப் போட என் மனைவி வந்த பிறகு, ஒடிந்த பலகைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் ரோட்டோரம் போட்டேன். குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போயிற்று.

எட்வின் மறுநாள் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம்.

“அம்மா, ஓஸ் போட்டது எனக்கு வீடியோவுல இருக்கு. எடுத்தியா?”

“எடுத்தேனே.”

“எடுத்தியா, எடுத்ததா நெனைக்கியா? தொட்டி வழிஞ்சுதான பலகை ஊறியிருக்கு.”

“பைப்ப அடைச்சு, சுருட்டி மாட்டினேன் மக்கா.”

“நேத்து பதட்டத்துல பொறவு மாட்டியிருப்ப. கரண்டு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? வெறுங்காலோட வெள்ளத்துல நின்னிருக்க.” பிறகு என்னிடம் கேட்டான். “சித்தப்பா, நீங்க போகும்போது ஓஸ் ஓடிட்டு இருந்துதா?”

மைனி என் முகத்தைப் பார்த்தார்.

“நான் போகும்போது தரை முழுக்க வெள்ளமா இருந்துது. கவனிக்கல” என்றேன்.

மைனி தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அப்ப நான்தான் மறந்திருப்பேன்” என்றார். அவ்வளவு எளிதாகச் சொன்னார். தன் கை பார்த்து உலர்ந்திருந்த பலகை ஒடியுமானால், தன் கை அடைத்த பைப்பும் ஓடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த மாதம் எட்வின் வந்தான். சுசீந்திரத்துக்குக் கொண்டுபோய் விட்டான். வீட்டை ஒரு வங்கிக்காரருக்கு வாடகைக்குக் கொடுத்தான். உயிரோடு இருந்த மீனை நான் கொஞ்ச நாள் வாளியில் வைத்திருந்தேன். அது செத்துப்போயிற்று.

நான் மாதம் ஒருமுறை இல்லத்துக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போவேன். சொல்ல நினைத்துப் போனதில்லை. ஒருநாள் கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பைப்பை அடைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அங்கே வேலை செய்கிற பெண் வந்ததும், “ஏட்டி, இது அடைஞ்சிட்டான்னு கொஞ்சம் பாரு” என்றார். அவள் சலிப்போடு ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டிவிட்டுப் போனாள். எல்லாத் தடவையும் இப்படித்தானாம். பைப்பை அவர் தொட்டால் யாராவது வந்து பார்க்க வேண்டும். அதற்காகப் பாதி நாள் தண்ணீர் பக்கமே போவதில்லை என்றாள்.

அன்றைக்குச் சொல்லிவிட்டேன். துளை போட்டது, ஓஸை மறந்தது, பசை வைத்து அடைத்தது, இல்லை என்று சொன்னது, ஆணியில் ஓஸைப் பார்த்தது, பலகையைத் தூக்கிப் போட்டது. ஒன்றையும் குறைக்கவில்லை. மைனி கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை, திட்டவில்லை.

“வேற ஆருட்ட சொன்ன?” என்றார்.

“உங்கட்டதான் முதல்ல.”

“அவன்ட்ட சொல்லு.”

அங்கேயே எட்வினைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். மறுமுனையில் ஏதோ வண்டிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னான்.

“சித்தப்பா, அம்மா அங்க கிடக்கது உங்களுக்குச் சங்கடமா இருக்கு. எனக்குத் தெரியும். அதுக்காக நீங்க பழிய ஏத்துக்கிட வேண்டாம்.”

“லே, நான் செஞ்சதுலே. நெசமாத்தான் சொல்லுதேன்.”

“அந்தப் பலகை இருக்கா?”

“இல்ல.”

“அன்னைக்கு நான் கேக்கும்போது சொல்லலியே.”

“சொல்லல.”

“சரி சித்தப்பா. நான் வரும்போது பேசலாம்.” அதற்குப் பிறகு அவன் குரலில் ஒரு மரியாதை கூடியிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மைனியிடம் எங்கள் வீட்டுக்கு வந்து இருங்கள் என்றேன். என் மனைவியும் நேரில் வந்து கூப்பிட்டாள். “ரெண்டு கிழங்களுக்கு நடுவுல நான் எதுக்கு மூணாவது?” என்று சிரித்து மறுத்துவிட்டார். எட்வின் வந்தான், பேசினான், வாடகைக்கு இருக்கிறவர்களை உடனே கிளப்ப முடியாது என்றான், போனான்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து நேரே சுசீந்திரம் பஸ் ஏறினேன். மைனி அதைப் பற்றிக் கேட்பார். துளை எந்தப் பக்கம், தண்ணீர் எவ்வளவு நேரம் ஓடியது, நடுவில் கறுத்திருந்ததா பூத்திருந்ததா என்று வார்டில் கேட்பது போலக் கேட்பார். நான் சொல்வேன். தலையாட்டிக் கேட்பார். ஒரு ஞாயிறு, “அப்ப நான் மறக்கல” என்றார். “மறக்கல மைனி” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குத் திரும்பி வரும்போது, இவ்வளவு தாமதமாகவாவது ஒன்றைச் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு பல மாதம் இருந்தேன். பைப்பைப் பற்றி அந்த வேலைக்காரப் பெண்ணிடம் நான் மறுபடி கேட்கவில்லை.

அடக்கம் எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில். இல்லத்தில் இருந்து ஒரு வேனில் சிலர் வந்திருந்தார்கள். மைனிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், பள்ளிக்கூடத்தில் தையல் கற்றுக்கொடுத்தவராம், எல்லாம் முடிந்த பிறகு ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நீங்கதான அந்த மீன்தொட்டி தம்பி?”

“ஆமா.”

“உங்களப் பத்திச் சொல்லாத நாள் கிடையாது. ‘எனக்க கூடப்பொறந்தவனுவகூட எனக்கு இப்பிடிச் செய்ய மாட்டானுவ. நான் செஞ்ச தப்ப தன் தலையில தூக்கி வச்சிட்டு வாராவாரம் வந்து எனக்காகப் பொய் சொல்லுதான். நானும் நம்புத மாதிரி இருந்துக்கிடுவேன். இல்லன்னா அவன் மனசு கஷ்டப்படும்’னு சொல்லுவா.”

சுற்றிலும் ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். எட்வின் கொஞ்சம் தள்ளி நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“அது பொய் இல்ல டீச்சர்” என்றேன். “நெசமா நான்தான் செஞ்சேன்.”

அந்த அம்மாள் என் கையை எடுத்து மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

“அதையும் சொன்னா. கேட்டா நீங்க நெசம்னுதான் சாதிப்பியள்னு.”